இரவு 11 மணிக்கு வரும் மாணவர் மின்னஞ்சல்: எல்லையை எங்கே வைப்பது?

நுண்கணிதம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில், கணிதத் துறையில் உதவிப் பேராசிரியராக 12 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சென்ற மாதம் நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சி மனத்தை விட்டு அகலவில்லை. கற்பிக்கும் பணியில் இருப்பவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களும் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், தம் அகமதிப்பீட்டு மதிப்பெண் குறைவாக இருப்பதாகச் சொல்லி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். தங்கை மகளின் காதுகுத்துக்காக நான் அப்போது பொள்ளாச்சியில் இருந்தேன், பார்க்கவில்லை. மறுநாள் இரவு 10.50க்கு அவரிடமிருந்தே இரண்டாவது அஞ்சல் வந்தது. 'நேற்று அனுப்பிய அஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை' என்று ஒரே வரி. அதன் நகல் துறைத்தலைவருக்கும் முதல்வருக்கும் போயிருந்தது. அதை நான் படித்துத் திகைத்து நிற்கும்போதே, 11.15க்குத் துறைத்தலைவரிடமிருந்து 'உடனே கவனிக்கவும்' என்று இன்னொரு வரி வந்தது. அடுக்களையில் நின்றபடி கைப்பேசியில் மதிப்பெண் பட்டியலைத் துழாவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் மாமியார், 'இந்த நேரத்தில் யாருக்கம்மா பரீட்சை?' என்று கேட்டார்.

திங்கட்கிழமை முதல் பாடவேளையே அந்த மாணவரின் வகுப்புதான். வழக்கம்போல எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் கேட்காமலேயே கரும்பலகையைத் துடைத்துத் தந்தார். முகத்தில் பகையும் இல்லை, கூச்சமும் இல்லை. மூன்று ஆண்டுகளாக நான் அறிந்த பையன் ஒருவர், ஞாயிறு இரவு எனக்கு எழுதியவர் வேறொருவர் என்றே தோன்றியது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவர் சொன்னது சரி. அவருடைய அசைன்மென்ட் ஒன்றுக்குரிய 3 மதிப்பெண்ணை நான் பதிவேற்றாமல் விட்டிருந்தேன்.

நான் பணியில் சேர்ந்தபோது துறைக்கென்று இருந்தது ஒரே கணினி. மின்னஞ்சல் பார்க்க வேண்டுமென்றால் அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். எழுந்து வந்துவிட்டால் அஞ்சல் அங்கேயே இருக்கும். 2020இல் பெருந்தொற்றுக்காக வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, கல்லூரியின் பெயரிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முகவரி கொடுத்தார்கள். கல்லூரி திறந்த பிறகு மற்றவை எல்லாம் பழையபடி ஆகிவிட்டன. இது மட்டும் கைப்பேசியோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாத பணி, நாளொன்றுக்குக் குறைந்தது 5 மணி நேரம் கல்லூரியில் இருத்தல், உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்று அதில் இருக்கிறது. 'குறையாமல்' என்ற சொல்தான் இருக்கிறதே தவிர 'மிகாமல்' என்று எங்கும் காணவில்லை. வீட்டில் உட்கார்ந்து அஞ்சலுக்குப் பதில் எழுதும் நேரம் அந்த 40இல் சேருமா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மாணவர் எந்த நேரத்திலும் எழுதட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எழுதிய நேரத்திலேயே நான் படித்தாக வேண்டுமா? மேலிருப்பவர்களுக்கு நகல் வைத்தது முறையல்ல என்று அவரிடம் சொல்லலாமா, அல்லது தவறு என் பக்கம் இருக்கும்போது அப்படிச் சொல்வது என் தவற்றை மூடுவதாகிவிடுமா? இந்த இரண்டுக்கும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

பழைய பொருநை:

வணக்கம் அம்மா. திருநெல்வேலிச் சீமையில் அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்து 2013இல் ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் மின்னஞ்சல் கிடையாது. கடைசிப் பத்தாண்டுகளில்தான் வந்து சேர்ந்தது. அதனால் இரண்டு கரையையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆசிரியரின் வீடு யாரும் நுழையாத கோட்டையாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் சான்றொப்பம் வாங்குவதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கே வாசலில் ஆள் நிற்பார்கள். என் மாணவர்கள் மட்டுமல்லர். என் மாணவரின் பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனரும் வருவார். பனியனோடு வெளியே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாம் இழந்துவிட்டதாக இன்று பேசும் அந்தத் தனிமை, சிற்றூர் வாத்தியாருக்கு என்றைக்குமே முழுமையாக இருந்ததில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாசலுக்கு வந்தவருக்கு வீட்டின் நிலைமை கண்ணில் படும். பந்தல் போட்டிருந்தால், விசேஷ வீடு என்று தெரிந்து திரும்பிப் போய்விடுவார். துக்க வீடென்றால் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். உங்கள் மாணவர் பொள்ளாச்சிக்கு நேரில் வந்திருந்தால், குழந்தை மாமன் மடியில் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசியிருப்பாரா? மாட்டார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். மின்னஞ்சலில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதில் வரவில்லை என்பது மட்டும்தான். நீங்கள் விழாவில் இருக்கிறீர்களா, மருத்துவமனையில் இருக்கிறீர்களா, வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டீர்களா என்ற மூன்றும் அவருடைய திரையில் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். அஞ்சல் உங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதைவிட, உங்கள் வீட்டைப் பார்க்காமல் வந்தது என்பதே கோளாறு என்று நினைக்கிறேன்.

நகல் விஷயத்துக்கு வருகிறேன். தட்டச்சுப் பொறிக் காலத்தில் ஒரு கடிதத்துக்கு நகல் வைப்பது செலவுள்ள காரியம். கார்பன் தாள் செருக வேண்டும், நான்காவது, ஐந்தாவது படி மங்கலாக விழும், தட்டச்சர் முணுமுணுப்பார். ஆகவே யாருக்கு நகல் உண்மையில் தேவை என்று யோசித்துத்தான் போடுவோம். மாணவர் முதல்வருக்கு எழுதினால் துறைத்தலைவர் 'வழியாக' எழுத வேண்டும். துறைத்தலைவர் மேலொப்பமிடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். பாதி மனுக்கள் அந்த விசாரணையிலேயே தீர்ந்துவிடும். அதே மேசையில் பல நியாயமான மனுக்கள் மடிந்து போனதும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இன்று அந்தத் தடையும் இல்லை, அந்த விசாரிப்பும் இல்லை. கார்பன் தாள் போய்விட்டது; 'கார்பன் காப்பி' என்பதன் முதலெழுத்துகள் மட்டும் 'சிசி' என்று மிச்சம் இருக்கின்றன.

என் அறிவுரை கசப்பாக இருக்கலாம். குறை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லப்பட்டது, அது உண்மையும்கூட. ஆகையால் திருத்தத்தையும் அந்த மூவருக்கும் தெரியும்படியே எழுதிவிடுங்கள். நகல் வைத்ததைப் பற்றி அந்த அஞ்சலில் ஒரு சொல்லும் வேண்டாம். அதை வகுப்புக்கு வெளியே, வராந்தாவில், நேரில் சொல்லுங்கள். இன்னொன்று: அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 'தகவல்' என்பதை வரையறுக்கும் இடத்திலேயே மின்னஞ்சலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கக் கேட்கலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதிப்பெண் பற்றி நீங்கள் இரவில் தூக்கக் கலக்கத்தில் தட்டும் வரியும் ஓர் ஆவணம்தான்.

ஆய்வு மாணவன்:

மேடம், வணக்கம். ஐயா சொன்ன வாசலைப் பற்றி மாணவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படிக்க வந்த முதல் தலைமுறை மாணவன் நான். இளங்கலை மூன்று ஆண்டுகளிலும் ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தது மொத்தமாக நான்கு முறை இருக்கலாம்; அதில் மூன்று முறை நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு போனதுதான். கதவருகே நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும்போது அறையிலிருக்கும் ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். நகரத்துப் பள்ளிகளிலிருந்து வந்த தோழர்களுக்கு அந்தக் கதவு கதவாகவே தெரியவில்லை. எனக்கும் எங்கள் வகுப்பில் பேசாமலேயே இருந்த பல பெண்களுக்கும் அது சுவராக இருந்தது. முதுகலையில்தான் முதன்முதலாக ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சலில் ஐயம் கேட்டேன். ஆறு வரி எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் அவர் வகுப்பில், என் பெயரைச் சொல்லாமல், 'ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார்' என்று தொடங்கினார். நான் இன்று ஆய்வு செய்துகொண்டிருப்பதற்கு அந்த ஒரு வாக்கியத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே மாணவர் மின்னஞ்சலைத் தொல்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை கரும்பலகை துடைத்தவரும் ஞாயிறு இரவு எழுதியவரும் வேறு வேறு ஆளாகத் தெரிந்ததற்கு மொழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நேரில் எங்கள் மரியாதை சொல்லில் இருப்பதைவிட உடம்பிலும் 'ங்க'விலும் அதிகம் இருக்கிறது. 'மார்க் கொஞ்சம் கம்மியா இருக்குங்க மேடம்' என்று தலையைச் சற்றுத் தாழ்த்திச் சொன்னால், அது குறையாகக்கூடக் கேட்காது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'ங்க'வைப் போட எங்களுக்கு இடம் தெரியவில்லை. ஒன்று, 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று அலுவலகக் கடிதமாக முடிப்போம். இல்லையென்றால், அதையும் விட்டுவிட்டு மொட்டை வரியாக அனுப்புவோம். பொருள் வரியும் இல்லாமல், உள்ளே ஒரு சொல்லும் இல்லாமல், கோப்பை மட்டும் இணைத்து அனுப்புபவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அது திமிர் அல்ல. என்ன எழுதினால் பிழையாகிவிடுமோ என்ற பயம்.

நகல் வைத்ததும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். என் தந்தை பட்டா மாறுதலுக்கு மனு எழுதியபோது வட்டாட்சியருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஒன்று என்று அனுப்பினார். வட்டாட்சியர் மீது அவருக்குக் கோபமில்லை. மேலே ஒரு நகல் போனால்தான் கீழே கோப்பு நகரும் என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர்களின் அஞ்சல் எங்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள். என் நெறியாளர் நல்லவர். இரவில்தான் அவருக்கு நேரம் கிடைக்கும் என்பதும் தெரியும். ஒருநாள் நள்ளிரவுக்குச் சற்று முன்பு 'நாளை வந்து பார்' என்று ஒரு வரி அனுப்பினார். விடுதியில் அன்றிரவு நான் உறங்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் பெரிய பிழை, உதவித்தொகை நின்றுவிட்டது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே கிடந்தேன். காலையில் போனால், நூலகத்திலிருந்து எனக்காக எடுத்து வைத்திருந்த புத்தகத்தைக் கொடுத்தார்.

மின்கம்பம்:

இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றுமில்லை. கல்லூரிக் கணக்கைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, கல்லூரிக் கணினியில் மட்டும் பாருங்கள். நான் பாலிடெக்னிக்கில் கற்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறேன். யாருடைய மதிப்பெண்ணும் குறைந்துபோகவில்லை.

நுண்கணிதம்:

மின்கம்பம் அவர்களுக்கு நன்றி. மாணவர் அஞ்சல் மட்டும் வருவதாக இருந்தால் இன்றே நீக்கிவிடுவேன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' அமைப்பின் தர மதிப்பீட்டுக்கான விவரங்களைக் கேட்டு, கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவிலிருந்தும் அதே கணக்குக்குத்தான் அஞ்சல் வருகிறது. பெரும்பாலும் மாலை 7 மணிக்கு மேல் வரும், மறுநாள் காலை 10 மணிக்குள் வேண்டும் என்றிருக்கும். கைப்பேசியில் பார்க்காதவர் ஒத்துழைக்காதவராக அறியப்படுவார். மூத்தவர்களால் முடிகிற இதை, தொகுப்பூதியத்தில் இருக்கும் இளம் ஆசிரியர்களால் எண்ணிப் பார்க்கவே முடியாது.

வடமராட்சியான்:

வணக்கம். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளராக இருக்கிறேன். இங்கே மாணவர்கள் எங்களைப் பெயர் சொல்லியே விளித்து எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் 'சேர்' என்று அழைத்துப் பழகிய எனக்குத் தொடக்கத்தில் அது முகத்தில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது, இப்போது பழகிவிட்டது. பெயர் சொல்லி அழைப்பதால் நெருக்கம் கூடிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

பழைய பொருநை ஐயா ஆவணத்தைப் பற்றிச் சொன்னது இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தனிப்பட்ட தகவல்களை எந்த மாணவரும் கேட்டுப் பெறலாம். வழக்கமாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த மாணவரைப் பற்றி நானும் சக விரிவுரையாளரும் எமக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களும் அதில் அடங்கக்கூடும். இது மாணவருக்குக் கிடைத்த நல்ல பாதுகாப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். விளைவு என்னவென்றால், மாணவர்களைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் ஒரு வழக்கறிஞர் பின்னால் நின்று வாசிப்பது போன்ற மொழிக்கு வந்துவிட்டது. 'இந்தப் பிள்ளை சில நாட்களாகச் சோர்ந்து காணப்படுகிறது, வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள்' என்று ஒருவருக்கு ஒருவர் எழுதுவது குறைந்துவிட்டது. எழுத முடியாததைச் சொல்ல நடைபாதைக்குப் போகிறோம். நடைபாதையில் ஆள் இல்லாத நாட்களில் அது சொல்லப்படாமலே போகிறது.

உங்கள் கேள்வி மாணவரைப் பற்றியது. ஆனால் மின்னஞ்சல் அதிகமாக மாற்றியது சக ஆசிரியர்களுக்கு இடையிலான உறவைத்தான் என்பது என் அனுபவம். என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புத்தான் இருக்கிறது. அவர் இருமினால் எனக்குக் கேட்கும். பாடநெறி மாற்றம் ஒன்று பற்றி அவரும் நானும் இரண்டு வாரங்களில் பதினாறு மின்னஞ்சல்கள் எழுதிக்கொண்டோம். ஏழாவதிலிருந்து தொனி கெட்டது, பத்தாவதில் துறைத்தலைவருக்கு நகல் போனது. கடைசியில் தேநீர் அறையில் எதிரெதிரே அகப்பட்டு, நின்றபடியே ஐந்து நிமிடம் கதைத்தோம், முடிந்துவிட்டது. ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது, அவர் புருவம் சுருங்கியதுமே நாம் அடுத்த சொல்லை மாற்றிக்கொள்வோம். எழுத்தில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை. மற்றவர் ஏற்கெனவே காயப்பட்டிருப்பது அடுத்த அஞ்சல் வரும்போதுதான் தெரிகிறது.

சட்டம் பற்றி: பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், நியாயமற்ற மறுப்பாக இல்லாத வரையில், பணி நேரத்துக்கு வெளியே வரும் தொடர்பைப் பார்க்கவோ பதிலளிக்கவோ மறுக்கலாம். அது முதலாளியிடமிருந்து வருவதற்கு மட்டுமன்றி, பணி தொடர்பாக வெளியார் அனுப்புவதற்கும் பொருந்தும். இந்தியாவிலும் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே மக்களவையில் இதற்கெனத் தனிநபர் மசோதா ஒன்றை அறிமுகப்படுத்தினார்; அது சட்டமாகவில்லை. பிரித்தானியாவிலும் அப்படியொரு சட்டம் கிடையாது. இங்கே பலர் செய்வது, கையொப்பத்தின் கீழே 'எனக்கு வசதியான நேரத்தில் இதை அனுப்புகிறேன். உங்கள் பணி நேரத்துக்கு வெளியே பதில் எதிர்பார்க்கவில்லை' என்று ஒரு வரி சேர்ப்பது. நானும் சேர்த்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு அப்படியொரு வரியோடு வரும் மேலதிகாரியின் அஞ்சலை யாராவது திங்கள் வரை திறக்காமல் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தீவுத் தமிழாசிரியை:

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்களுக்கு மாணவரைவிடப் பெற்றோரின் செய்திகளே அதிகம்.

2024 செப்டம்பரில் எங்கள் கல்வி அமைச்சு, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தொடர்பு பற்றிய வழிகாட்டிக் குறிப்புகளைப் புதுப்பித்தது. ஆசிரியர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குத் தர வேண்டியதில்லை. அவசர நிலை தவிர மற்றபடி, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. மின்னஞ்சல், அலுவலகத் தொலைபேசி போன்ற அதிகாரபூர்வ வழிகளைப் பயன்படுத்தினால் போதும். உங்களுக்கு எல்லை மீறலாகத் தெரியும் மின்னஞ்சல் எங்களுக்கு எல்லையாக இருப்பது வேடிக்கைதான். வாட்ஸ்அப்பில் செய்தியைப் படித்தவுடன் இரண்டு குறிகளும் நீலமாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக எப்போது வந்தேன் என்பதையும் அது சொல்லும். நான் பார்த்தேனா என்பதை மின்னஞ்சல் அவ்வளவு எளிதாக யாருக்கும் சொல்வதில்லை. அந்த மௌனத்தில் சற்று மூச்சு விட முடிகிறது.

குறிப்புகள் வந்த பிறகு என் நிலைமை மாறியதா என்றால், பாதி மாறியது என்பேன். எண்ணைத் தராமல் இருக்க இப்போது கூச்சமில்லை, கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் தமிழாசிரியர் என்றால் இங்கே சமூகத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். கோயிலில், தேக்கா சந்தையில், உறவினர் திருமணத்தில் பெற்றோரைப் பார்ப்பேன். கையில் வாழைக்காயோடு நிற்கும்போது மகனின் வாய்மொழித் தேர்வைப் பற்றிக் கேட்பவரிடம், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வருமா? நின்று பேசிவிட்டுத்தான் வருவேன். அந்த உரையாடல் எனக்குச் சுமையாகத் தெரிந்ததே இல்லை. அதே கேள்வியை அதே தாயார் இரவு 9 மணிக்கு எழுதியிருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். ஏன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். பழைய பொருநை ஐயாவின் பந்தல் ஓரளவு விடை சொல்கிறது: சந்தையில் அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கத் தொடங்குகிறார்.

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். இரவில்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கிறது என்றால் இரவிலேயே எழுதுங்கள். ஆனால் காலை 8 மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்துவிடுங்கள். ஜிமெயிலில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. ஆய்வு மாணவன் தம்பியின் நெறியாளருக்கும் இதை யாராவது காதில் போட்டால் நல்லது. இரவு 11 மணிக்கு நாம் ஒருமுறை பதில் அனுப்பிவிட்டால், நம் அறை அந்நேரத்திலும் திறந்திருக்கும் என்று எழுதாத அறிவிப்பு ஒன்றை ஒட்டியதாகிவிடுகிறது.

நுண்கணிதம்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐயா சொன்னபடியே, மூன்று மதிப்பெண் என் தவற்றால் விடுபட்டது, திருத்திவிட்டேன் என்று மாணவருக்கும் துறைத்தலைவருக்கும் முதல்வருக்கும் சேர்த்தே எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு அந்த மாணவரை வராந்தாவில் நிறுத்தி, ஏன் நகல் வைத்தீர்கள் என்று கோபமில்லாமல் கேட்டேன். ஆய்வு மாணவன் அவர்களின் ஊகம் பொய்த்துவிட்டது. மனு எழுதிய தந்தை அல்ல காரணம். பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் அண்ணன், 'ஒரு நாள் பார், பதில் வராவிட்டால் எஸ்கலேட் செய்' என்று, அதாவது மேலிருப்பவர்களிடம் கொண்டுபோ என்று, சொல்லிக் கொடுத்தாராம். அங்கே அது அன்றாட வழக்கம், அதில் யாரும் வருத்தப்படுவதில்லை என்றார். என் அஞ்சல்பெட்டி வாடிக்கையாளர் சேவை மேசையாக எப்போது மாறியது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. நான் காதுகுத்துக்குப் போயிருந்ததைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. 'தெரியாதுங்க மேடம்' என்றார்.

இப்போது என் கையொப்பத்தின் கீழே, திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4 முதல் 5 வரை மாணவர் அஞ்சல்களைப் பார்ப்பேன், இரண்டு பணிநாட்களுக்குள் பதில் வரும், வராவிட்டால் அறைக்கு வந்து நினைவூட்டலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். வெளியூர் போகும் நாட்களில், ஊரில் இல்லை என்று தானாகப் பதில் போகும்படி செய்கிறேன். பந்தல் போட்டிருப்பது வாசலுக்கு வருபவருக்குத் தெரியட்டும். துறைத்தலைவரின் 11.15 மணி அஞ்சலுக்கு இதெல்லாம் மருந்தாகாது. நாங்கள் மூவர் சேர்ந்து, தர மதிப்பீட்டு விவரங்களை முந்தைய நாள் பிற்பகலிலேயே கேட்டால் உதவியாக இருக்கும் என்று அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறோம். பார்க்கலாம் என்றார். அஞ்சல் இன்னமும் இரவில்தான் வருகிறது.

'ங்க' பற்றிப் படித்த பிறகு, விரும்புகிறவர்கள் தமிழிலேயே எழுதலாம் என்று வகுப்பில் சொன்னேன். இதுவரை நால்வர் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒற்றை வரி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெண், தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார். தொகையீட்டில் எந்த வரியில் பிடி நழுவியது என்பதைத் தெளிவாகச் சொல்கிறார். நால்வருக்கும் பதில் எழுதுவதற்குள் மாலை 4 முதல் 5 வரையிலான அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு எப்போது எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.